கழுத்துச் சீட்டு

திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையிலுள்ள கே.ஜி.கண்டிகையில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் புத்தகப் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு மாயமாய் மறைந்துபோனால், அவனுடைய பாட்டி வாசற்படியில் நின்றுகொண்டு, "கேடிப் பயலே, எங்கேடா போனே?" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கூப்பிடுவாள், அந்த வசவில் கோபத்தைக் காட்டிலும் கொஞ்சலே மிகுதி. கேடு என்னும் பழந்தமிழ்ச் சொல்லிலிருந்து கிளைத்த வார்த்தை அது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில், இந்த ஊர்ப் பெயரின் முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளைப் போலவே அதுவும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தாம். 'நோன் டிப்ரடேட்டர்', அதாவது கொள்ளையிடுவதையே வழக்கமாகக் கொண்டவன் என்று போலீசாரால் அறியப்பட்டவன், என்ற நீண்ட தொடரை எழுதச் சலித்த ஸ்டேஷன் எழுத்தர்கள் பதிவேட்டில் 'கே.டி.' என்று சுருக்கி எழுதினார்கள். பதிவேட்டிலிருந்து அது கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து பாட்டியின் வாய்க்கும் வந்து சேர்ந்தது. ராஜாங்கம் ஒரு மனிதனைத் தரம் பிரித்து ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், அந்தப் பெயர் அந்த ராஜாங்கத்தைவிடவும் அதிக ஆயுள் பெற்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

இந்தச் சாலையோரத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு பெரிய சிறைச்சாலைகள் இரண்டு திசைகளில் இருக்கின்றன. மேற்கே சோளிங்கர் வழியாகப் போனால் வேலூர். 1911-இல் சித்தூர் ஜில்லா உண்டாக்கப்படும் வரையில் இந்தப் பிரதேசம் முழுவதும் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் பெரிய சிறை வேலூரில்தான் இருந்தது. கிழக்கே திருவள்ளூரைக் கடந்து போனால், சென்னையின் பழைய மத்தியச் சிறைக்குப் பதிலாக ஏரிக்கரையில் எழுந்து 2006 முதல் இயங்கிவரும் புழல். முன்னது மனிதனை அவனுடைய அந்தஸ்தைக் கொண்டு தரம் பிரித்த காலத்தின் சின்னம்; பின்னது அவனால் விளையக்கூடிய அபாயத்தைக் கொண்டு தரம் பிரிக்கும் காலத்தின் சின்னம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அந்தப் பிரயாணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுச் சிறைகளில் தரம் என்று ஒன்று இல்லை, கூட்டம்தான் இருந்தது. கடனைத் திருப்பித் தராதவனும் கொலை செய்தவனும், விசாரணைக்குக் காத்திருப்பவனும் தண்டனை பெற்றவனும் ஒரே கொட்டடியில் ஒரே பாயில் படுத்தார்கள். மெக்காலேயின் யோசனையின் பேரில் அமைக்கப்பட்டு 1838-இல் அறிக்கை தந்த சிறை ஒழுங்குக் குழு, மத்தியச் சிறைகள் வேண்டும் என்றும், கைதிகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்றும் எழுதியது. ஆனால் அந்த எழுத்து முழுச் சட்டமாக உருப்பெற்றது 1894-இல்தான். அந்த ஆண்டின் சிறைச் சட்டத்தில் இருபத்தேழாம் பிரிவு நான்கு கோடுகளைக் கிழித்தது: ஆண்களிடமிருந்து பெண்களைப் பிரி, மற்றவர்களிடமிருந்து இளவயது ஆண்களைப் பிரி, தண்டனை பெற்றவர்களிடமிருந்து பெறாதவர்களைப் பிரி, கிரிமினல் கைதிகளிடமிருந்து சிவில் கைதிகளைப் பிரி. எளிமையும் நியாயமும் கூடிய கோடுகள் இவை. உலகத்தின் பெரும்பாலான சிறைகள் இன்றும் இத்தகைய கோடுகளிலிருந்தே தொடங்குகின்றன. ஆயினும் சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஐந்தாவது கோடு ஒன்றும் இருந்தது. ஐரோப்பியக் கைதிக்கு இந்த நாட்டு வெயில் ஆகாது என்று உதகமண்டலத்தில் அவர்களுக்கென்றே தனிச் சிறை வைத்திருந்தார்கள். சமவெளிச் சிறையிலோ இன்ன ஜாதியான் சமைக்க வேண்டும், இன்ன ஜாதியான் கூட்ட வேண்டும் என்ற விதிகள் கையேடுகளில் ஏறின.

அந்தக் காலத்துக் கைதியின் கழுத்தில் ஒரு மரச் சீட்டு தொங்கும். அதில் அவனுடைய எண், அவன்மீது சாட்டப்பட்ட சட்டப் பிரிவு, தண்டனை தொடங்கிய தேதி, விடுதலைத் தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். உண்ணும்போதும் உறங்கும்போதும் உழைக்கும்போதும் அது நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கும். அந்தமானில் அதோடு எழுத்துகளும் சேர்ந்தன. அங்கே சாவர்க்கருடைய சீட்டில் 'டேஞ்சரஸ்' என்பதைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தும், விடுதலை ஆண்டாக 1960 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அபாயத்தின் அளவைக் கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் வழக்கம் இந்திய மண்ணில் எப்போது தொடங்கியது என்று கேட்பவருக்கு, அந்த ஒற்றை எழுத்தைச் சுட்டிக் காட்டலாம். மனிதனை முழுவதும் மறைத்துவிட அந்த ஒரு சிறு பலகை போதுமாயிருந்தது.

தமிழ்நாட்டில் அந்தச் சீட்டின் பாரத்தை முழுதும் உணர்ந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஜன்ம தண்டனைகளை விதித்தபோது, வக்கீல் தொழில் புரிந்தவரும் கப்பல் கம்பெனி நடத்தியவருமான அவர், கோயமுத்தூர்ச் சிறையின் வாசலைக் கடந்த கணத்திலேயே வெறும் 'கன்விக்ட்' ஆனார். ராஜத் துரோகக் கைதிக்கென்று தனித் தரம் எதுவும் அப்போது கிடையாது. சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றச் சொன்னார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்த பிறகு, மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தக் கோயமுத்தூர்ச் செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் அது மாடு இழுப்பதற்கென்று செய்யப்பட்டது என்பதை நினைத்தால், அந்த நாட்களின் கொடுமையை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். அவருடன் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து குஷ்டநோயோடு வெளிவந்தார். இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1921 டிசம்பரில், ஒத்துழையாமை இயக்கத்துக்காக மூன்று மாத வெறுங்காவல் பெற்று வேலூர்ச் சிறைக்குப் போன ராஜாஜியால் அங்கே நாட்குறிப்பு எழுத முடிந்தது. வ.உ.சி., ராஜாஜி இருவரையும் சிறைக்கு அனுப்பியது அரசியலே. இடையில் மாறியிருந்தது அரசாங்கத்தின் பயம். படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்கு வரத் தொடங்கிவிட்டதால், செக்கில் பூட்டுவது அரசியல் ரீதியாகக் கட்டுபடியாகவில்லை.

அந்தப் பயத்தோடு கூடவே ஒரு சிந்தனையும் வளர்ந்துகொண்டிருந்தது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். 1919-இல் நியமிக்கப்பட்ட இந்தியச் சிறைகள் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் நம் மாகாணத்து உத்தியோகஸ்தரான சர் அலெக்ஸாண்டர் கார்டியு. அதே ஆண்டில் சில நாட்கள் சென்னையின் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் சிறைகளையும் பார்வையிட்டு அந்தக் குழு 1920-இல் தந்த அறிக்கை, கைதியைத் தண்டிப்பது மட்டும் போதாது, திருத்துவதும் சிறையின் கடமை என்று முதன்முறையாக அழுத்தமாகக் கூறியது. முதல்முறை தவறியவனையும் பழக்கக் குற்றவாளியையும் கலக்கக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இங்கிலாந்தில் 1879-இலேயே முதல்முறைக் கைதிகளுக்கு நட்சத்திரக் குறியிட்டு அவர்களைத் தனியே வைத்திருந்தார்கள். அந்த எண்ணம் இங்கே வேர்விட்டு, 1925-ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிச் சட்டமாகவும், இளங்குற்றவாளிகளுக்கான தஞ்சாவூர்ப் பார்ஸ்டல் பள்ளியாகவும் காய்த்தது. மனிதன் செய்ததை விட்டு அவன் ஆகக்கூடியதைப் பார்க்கும் கண் அப்போதுதான் சற்றே திறந்தது.

ஆனால் அந்தக் கண் எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. 1871-இல் வட இந்தியாவுக்கு இயற்றப்பட்டு, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றமாகப் பதிவு செய்தது. குறவர்களும் பிறமலைக் கள்ளர்களும் இன்னும் பலரும், ஒரு பிடி தானியத்தைத் தொடுவதற்கு முன்பே பழக்கக் குற்றவாளிகள் ஆனார்கள். கைரேகை தர மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரலில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. சிறைக் கொட்டடிக்குள் 'முதல்முறை' என்றும் 'பழக்கம்' என்றும் கோடு கிழித்த அதே காலத்தில், சிறைக்கு வெளியே ஜாதிகளின் மேலும் அதே கோட்டைக் கிழித்தார்கள். சென்னையில் 1947-இலும், தேசமெங்கும் 1952-இலும் அந்தச் சட்டம் நீங்கியது. நீங்காமல் எஞ்சியது அது கற்பித்த சந்தேகம்.

1929-ஆம் ஆண்டு லாகூர்ச் சிறையில், அரசியல் கைதிகளை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று கோரி உண்ணாவிரதமிருந்த ஜதீந்திரநாத் தாஸ், அறுபத்துமூன்றாம் நாளான செப்டம்பர் 13-ஆம் தேதி உயிர் நீத்தார். தேசமே கொதித்தது; அரசாங்கம் 1930 பிப்ரவரியில் கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. உண்ணாவிரதமிருந்தவர்கள் கேட்டது அரசியல் கைதி என்ற அந்தஸ்து. கிடைத்ததோ அரசியலைக் குறிப்பிடாமல், கல்வியையும் சமூக அந்தஸ்தையும் வாழ்க்கைப் பழக்கத்தையும் அளவுகோலாகக் கொண்ட பகுப்பு. மேலான வாழ்க்கைக்குப் பழகியவன் என்று நீதிமன்றமும் அரசாங்கமும் ஒப்புக்கொண்டால் சொந்த உடை, நல்ல சாப்பாடு, புத்தகம், கடிதம்; ஒப்புக்கொள்ளாவிட்டால் சிறை அரைக்கால்சட்டையும் களியும். ஒரே சத்தியாக்கிரகத்தில் ஒரே வாக்கியத்தைக் கூவி ஒரே லாரியில் ஏறிய இருவரில், பட்டதாரி ஒரு வகுப்புக்கும் நெசவாளி வேறொரு வகுப்புக்கும் போனார்கள். திருத்தணிக்காரர்களுக்கு இது புத்தகச் செய்தியன்று. இந்த வட்டத்தைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று போராடி, 1960 ஏப்ரல் முதல் தேதி அதன் பலனையும் கண்ட ம.பொ.சிவஞானம், முறையான பள்ளிப் படிப்பு அதிகம் பெறாதவர். அச்சகத்தில் எழுத்துக் கோத்து வாழ்ந்தவர். 1942-இல் அமராவதிச் சிறை வரைக்கும் கொண்டு செல்லப்பட்டவர். கல்வி, அந்தஸ்து, வாழ்க்கைப் பழக்கம் என்ற அந்தத் தராசில் அப்படிப்பட்ட ஒருவரை நிறுத்தினால் முள் எந்தப் பக்கம் சாயும் என்பதை யோசித்துப் பார்த்தால், தராசின் கோணல் தானே விளங்கும். சாவர்க்கரின் மரச் சீட்டில் விடுதலை என்று எழுதியிருந்த அதே 1960-இல் திருத்தணிக்கு விடிந்தது என்பது சரித்திரம் தற்செயலாகப் போட்ட ஒரு முடிச்சு.

வெளிநாடுகளின் கதையும் இதே வளைவில்தான் சென்றது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் நெல்சன் மண்டேலா 1964-இல் கடைசித் தரமான 'டி' வகுப்பில் வைக்கப்பட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. அங்கே தரத்தோடு நிறமும் கலந்திருந்தது: உடன் தண்டனை பெற்ற இந்திய வம்சாவளியினரான அகமது கத்ராடாவுக்கு முழுக்கால்சட்டை, மண்டேலாவுக்கும் மற்ற ஆப்பிரிக்கர்களுக்கும் அரைக்கால்சட்டை, ரொட்டியும் அவ்வாறே. நம் சிறைகளில் ஜாதி செய்ததை அங்கே நிறம் செய்தது. இங்கிலாந்தில் திருப்பம் வேறு வழியில் வந்தது. சோவியத் ஒற்றரான ஜார்ஜ் பிளேக், 1966 அக்டோபரில் லண்டன் சிறையின் மதிலை ஏணியில் ஏறிக் கடந்து தப்பினார். வெட்கிப்போன அரசாங்கம், இந்தியாவின் கடைசி வைசிராயான மவுண்ட்பேட்டனிடமே விசாரணையை ஒப்படைத்தது. அவருடைய அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் இன்றும் அங்கே வழங்கும் ஏ, பி, சி, டி என்னும் நான்கு வகைகள். எழுத்துகள் நம்முடையவை போலவே இருந்தாலும் கேள்வி தலைகீழானது: இவன் எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன் என்பதன்று, இவன் தப்பினால் மக்களுக்கு என்ன ஆபத்து என்பதே. தப்பினால் பெருந்தீங்கு விளையும் என்பவன் ஏ. திறந்த வெளியில் நம்பி விடத்தக்கவன் டி. நமது ஏ வகுப்புக்காரர் கட்டிலில் படுப்பார். அவர்களுடைய ஏ வகைக்காரன் இரட்டை மதிலுக்குள் படுப்பான்.

அமெரிக்கர்கள் இதையே கணிதமாக்கினார்கள். குற்றத்தின் கடுமை, தண்டனையின் நீளம், முன்பு தப்பிய வரலாறு, வன்முறை, வயது, சிறைக்குள் நடத்தை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகையின்படி குறைந்த, தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த என்று பாதுகாப்பு நிலைகளை வகுத்தார்கள். அதற்கும் மேலே கொலராடோவில் 1994-இல் திறந்த புளோரன்ஸ் சிறையில் மனிதன் நாளின் பெரும்பகுதியைத் தனி அறையில் கழிக்கிறான். ஜப்பானிலோ குற்றப் போக்கு முற்றாதவனுக்கு ஏ என்றும் முற்றியவனுக்கு பி என்றும் நீண்ட தண்டனைக்கும் அயல்நாட்டாருக்கும் வேறு எழுத்துகள் என்றும் வகுத்தார்கள். நார்வேயின் பாஸ்டய் தீவில், கடுந்தண்டனை பெற்றவர்களும் தண்டனையின் கடைசிக் காலத்தில் விவசாயம் செய்துகொண்டு வாழ்கிறார்கள். தண்டனையைத் தொடங்கிய தரத்திலேயே முடிக்கும்படி யாரையும் வைத்திருக்கலாகாது என்பது அந்நாட்டின் கருத்து. என் வரையில் இந்த முழுச் சரித்திரத்திலும் இதைவிட விவேகமான எண்ணம் வேறொன்று இல்லை.

விடுதலை பெற்ற இந்தியா இந்தப் பழைய தராசை உடனே தூக்கி எறிந்துவிடவில்லை. தமிழ்நாடு சிறை விதிகள் 1983-இல் மறுபடி எழுதப்பட்டபோதும், அந்தஸ்தும் கல்வியும் பழக்கமும் கொண்டவர்க்கு ஏ வகுப்பு என்ற வாசகம் உயிரோடு நின்றது. ஆகையால்தான் பிரமுகர் ஒருவர் கைதானால், மறுநாட்காலை நாளிதழ்களில் முதல் வகுப்பு கேட்டு மனு என்ற வரி தவறாமல் வருகிறது. விலங்கு விஷயத்திலும் இதே பேதம் இருந்தது. 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், மேல் வகுப்புக் கைதிக்கு விலங்கு வேண்டாம், மற்றவனுக்கு வேண்டும் என்ற விதியை நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் செல்லாதென்று ஒதுக்கினார். விலங்கைத் தீர்மானிக்க வேண்டியது பணப்பையன்று, தப்புவதற்கான உண்மையான அபாயமே என்பது அதன் சாரம். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 3-ஆம் தேதி சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கையேடுகளில் ஜாதியை ஒட்டி வேலை பகிரும் விதிகளையும், சில குலங்களைப் பழக்கக் குற்றவாளிகள் என்று கருதும் வாசகங்களையும் நீக்கியது. சிறைப் பதிவேட்டில் ஜாதி எழுதும் பத்தியையே அழிக்கும்படி உத்தரவிட்டது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதிகளில் கைதிகள் வைக்கப்பட்டிருந்ததும், சண்டையைத் தவிர்க்கவே அவ்வாறு செய்வதாக அதிகாரிகள் சொன்ன காரணமும் அந்தத் தீர்ப்பில் ஆராயப்பட்டன. கைதிகளிடையே ஒழுங்கைக் காக்க ஜாதிதான் வழி என்பது ஏற்கத்தக்க வாதமன்று என்று நீதிமன்றம் கூறியது. அமைதி காப்பதென்று சொல்லிப் பிறப்பைத் தரமாக்குவதுதான் 1871-ஆம் ஆண்டுச் சட்டமும் செய்தது.

இன்று இந்தப் பக்கத்து வாலிபன் ஒருவன் வழக்கில் சிக்கி ரிமாண்டில் புழலுக்குப் போனால், அவன் ஆண்களின் விசாரணைச் சிறைக்குப் போவான். தண்டனைக் கைதிகளும் பெண்களும் வேறு சிறைகளில் இருக்கிறார்கள். அபாயம் மிகுந்தவர் என்று கருதப்படுவோருக்கு உயர்பாதுகாப்புப் பகுதி தனியே உண்டு. கம்பிக்கு இப்பால், 'மனு பார்ப்பது' என்று சொல்லப்படும் சந்திப்புக்காக, விடியற்காலையில் பஸ் ஏறி வந்த தாயார் சாப்பாட்டுப் பாத்திரமில்லாத வெறுங்கையுடன் வரிசையில் நிற்பாள். எந்தத் தொகுதியில் தன் பிள்ளை இருக்கிறான் என்பது அவளுக்கு விளங்காது. அவன் தரம் இறங்கினானா ஏறினானா என்று கேட்க அவளுக்கு மொழியும் இல்லை. மறுபக்கத்தில், சிவகங்கை மாவட்டத்துப் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறையொன்று இருக்கிறது; நன்னடத்தையால் நம்பிக்கை பெற்ற கைதிகள் அங்கே நிலத்தில் வேலை செய்கிறார்கள். புழலின் உயர்பாதுகாப்புத் தொகுதிக்கும் புரசடை உடைப்பின் வயலுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு கைதி தன் நடத்தையால் கடக்க முடியுமானால், தரம் பிரித்தல் என்பது பாதுகாப்புக்குச் சாதனமாகும். கடக்க முடியாதென்றால் அதுவும் மற்றொரு கழுத்துச் சீட்டுதான்.

திருத்தணியின் தணிகை மலைக்கு இப்பெயர் வந்த காரணத்தைக் கே.ஜி.கண்டிகைப் பாட்டி அறிவாள். சூரனை வென்ற முருகன், போரின் கோபம் தணிய அமர்ந்த இடம் இது என்பது ஐதிகம். சினம் தணிந்த பிறகே வள்ளியை மணந்த கதையும் இதன் பக்கத்தில் வழங்குகிறது. போர்க்களத்து வேலனின் அபாயத்தை அளந்திருந்தால், எந்தப் பதிவேட்டிலும் முதல் வரிசையில் நின்றிருப்பான். அவனே தணிந்ததைக் கண்டு மலையையே அந்தச் சொல்லால் அழைத்தது இந்த ஊர். உலகத்துச் சிறைகளின் பதிவேடுகளில் அபாயத்துக்கு மதிப்பெண் போடும் பத்தி ஒன்று இருக்கிறது. 2024-இல் ஜாதிப் பத்தி அழிக்கப்பட்ட இடம் காலியாக இருப்பதைப் பார்க்கும்போது, அந்த இடத்தில் தணிந்தது என்பதை எழுதவும் ஒரு பத்தி திறக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பத்தியை நிரப்பும் அதிகாரி, கைதியின் பெயருக்கு முன்னால் ஒரு காலத்தில் எழுதப்பட்ட எழுத்துகளை அடித்துவிட்டு, பாட்டியைப் போல வாசலில் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும்.